ஐந்தாவது டயர்

பனியாற்று நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் ஒரு மாணவியின் களக்குறிப்பேட்டில், நீர்மட்டம், நீரின் வெப்பநிலை, மின்கடத்துதிறன் என்னும் வழக்கமான பத்திகளுக்கு அடுத்து இன்னும் ஐந்து பத்திகள் உண்டு. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, ஸ்டெப்னி. ஒவ்வொன்றின் கீழும் அன்று காலை எடுத்த காற்றழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவளும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். அந்தப் பத்திகள் 2022 செப்டம்பர் நடுவில், இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், சந்திரா ஆற்றங்கரையில் தொடங்கின.

அந்தப் பயணம் மணாலியில் அதிகாலை நான்கரை மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. அவளிடம் நான்கு நீரழுத்த உணரிகள் இருந்தன. ஓடையின் அடியில் பொருத்திவிட்டால், தம்மீது நிற்கும் நீரின் எடையை அளந்து நீர்மட்டத்தைப் பதிவுசெய்யும் கருவிகள் அவை. அவற்றை அளவுத்திருத்தம் செய்யவே ஆய்வகத்தில் இரண்டு முழு நாட்களைச் செலவிட்டிருந்தாள். வெளியே வந்தபோது வண்டி புறப்படும் நிலையில் இல்லை. ஓட்டுநர் கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, பின் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் லாஹௌல்காரர். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஊழியர் அல்லர். ஒவ்வொரு பருவத்திலும் நாட்கூலிக்கு அமர்த்தப்படுபவர். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் 'உஸ்தாத்ஜி'.

"நேற்று மாலையே பார்த்திருக்கலாமே, உஸ்தாத்ஜி?" என்றாள் அவள்.

"நேற்று மாலை டயர் ஓடிவந்த சூட்டில் இருந்தது, மேடம். சூட்டில் அது கூட்டித்தான் சொல்லும். இரவு முழுவதும் ஆறிக் கிடந்த பிறகு கேட்டால்தான் உண்மையைச் சொல்லும்."

வண்டி தயாரிப்பாளர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவு, ஆறிய டயருக்கு உரியது. ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதனால் ரப்பரும் உள்ளிருக்கும் காற்றும் சூடேறுகின்றன. அந்த நிலையில் அளந்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குறை அழுத்தத்தில் கிடக்கும். குறை அழுத்தத்தில் ஓடும் டயர் மேலும் அதிகமாக நசுங்கும், மேலும் சூடேறும், ஒரு கட்டத்தில் உட்புற அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். இதெல்லாம் அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

நான்கு டயர்களையும் முடித்த பின் அவர் வண்டியின் அடியில் புகுந்து, சங்கிலியில் தொங்கிய ஸ்டெப்னியைக் கீழிறக்கினார். அதன் பக்கச்சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் பதிந்திருந்த நான்கு எண்களின்மீது வெளிச்சத்தைக் காட்டினார். 1413. அந்த டயர் 2013ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். ஒன்பது வயது. பட்டன்களுக்கு இடையே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், பத்தாண்டு கடந்ததை அதில் பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பது டயர் தயாரிப்பாளர்கள் பலர் தரும் அறிவுரை. ரப்பர் ஓடித் தேய்வதோடு நிற்பதில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும் அதற்கு வயதாகிறது.

"ஐந்து டயர் கேட்டு எழுதிக் கொடுத்தேன், நான்குதான் வந்தது," என்றார் அவர். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. ஒரு தகவலைப் போலவே சொல்லிவிட்டு ஸ்டெப்னியை மறுபடி ஏற்றிப் பூட்டினார்.

அவள் பதில் சொல்லவில்லை. ஐந்தாவது டயர் ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆய்வுத் திட்டத்தின் செலவுக் கணக்கை அந்த ஆண்டு கவனித்தவள் அவளே. உணரிகளுக்குத் தனித் தலைப்பு இருந்தது, பயணப்படிக்கு இருந்தது, மாதிரிப் பகுப்பாய்வுக்கு இருந்தது. டயருக்கு இல்லை. அது 'இதர செலவுகள்' என்னும் கடைசி வரிக்குள் அடங்கியாக வேண்டும். ஜூலையில் அந்த வரியில் எஞ்சியிருந்த தொகையைக் கொண்டு ஐந்தாவது டயரையும் வாங்கலாம், அல்லது இன்னும் ஒரு தொகுதி நீர் மாதிரிகளை ஐசோடோப்புப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தது. ஸ்டெப்னி பெரும்பாலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று எண்ணி, மாதிரிகளை அனுப்பினாள். எந்த அலுவலகமும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தணிக்கையில் அதற்கு எதிர்ப்பும் எழவில்லை.

*

மணாலியிலிருந்து லாஹௌலுக்குப் போக இப்போது ரோஹ்தாங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை மலையைக் குடைந்து அப்பால் கொண்டுவிடுகிறது. ஆனால் அந்த வழவழப்பான சாலையின் சுகம் கிராம்பூ வரைதான். அங்கிருந்து சத்ரு, சோட்டா தாரா, பாத்தல் என்று ஸ்பிதியை நோக்கிச் செல்லும் வழியைச் சாலை என்று அழைப்பது மரபு கருதித்தான். ஆற்றுப் படுகையின் உருண்டைக் கற்கள், சரிந்துவந்த கூர்ங்கற்கள், குறுக்கே ஓடும் நாலாக்கள். நாலா என்றால் ஓடை. மேலே தொங்கும் பனியாறு உருகி, பாலமில்லாத இடத்தில் பாதையின்மீதே பாய்ந்து சந்திராவில் விழுவது.

கிராம்பூ திருப்பத்தைத் தாண்டியதும் உஸ்தாத்ஜி வண்டியை நிறுத்தி, சிறிய நெம்புகோலைத் தள்ளி நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றினார். இதை மணாலியிலேயே போட்டுவிட்டிருந்தால் என்ன என்று பின்னிருக்கையிலிருந்த இளநிலை மாணவன் கேட்டான். அதற்கு அவர் சொன்ன விளக்கம், இயந்திரவியல் வகுப்பில் கிடைப்பதைவிடச் சுருக்கமானது. வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் போகும் தூரமும் பின் சக்கரங்கள் போகும் தூரமும் ஒன்றல்ல. முன்னவை எப்போதும் சற்று அதிகம் போகும். இத்தகைய வண்டியில் நெம்புகோலைப் போட்டதும், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பிணைத்துவிடுகிறது. மண்ணிலும் சரளையிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் இரும்பின் தலையில் ஏறும். திருகுகட்டை கனக்கும், பற்சக்கரம் தேயும், ஒரு நாள் உடையும்.

"இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடக்கலாம். கல் தரையில் நடந்தால் விழுவாய்," என்று முடித்தார். மாணவன் சிரித்தான். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பாத்தலில் முகாமிட்ட மறுநாள் காலையும் அவர் அழுத்தமானியுடன் அமர்ந்திருந்தார். இம்முறை அவள் அருகில் சென்று பார்த்தாள். டெல்லியில் ஒரு கோடை நாளின் நாற்பது டிகிரி வெப்பத்தில் அவர் 35 என்று வைத்தாராம். இங்கே, நாலாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில், ஐந்து டிகிரிக் குளிரிலும் ஏறக்குறைய அதே 35தான் காட்டுகிறது என்றார். அவளுக்கு அது வியப்பாக இருந்தது. உயரம் கூடினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையே. ஆகவே எண் கூடியிருக்க வேண்டும்.

அன்றிரவு கூடாரத்தில் கணக்கிட்டுப் பார்த்தாள். உயரத்தால் மட்டும் ஐந்து அலகுகளுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். ஆனால் நாற்பதிலிருந்து ஐந்து டிகிரிக்கு இறங்கிய குளிர், உள்ளிருக்கும் காற்றைச் சுருக்கி, ஏறக்குறைய அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 35இலேயே வந்து நின்றன. நண்பகல் வெயிலிலும் ஓட்டச் சூட்டிலும் எண் விறுவிறுவென்று ஏறும். சமவெளிக்குத் திரும்பி இறங்கும்போது வேறு கணக்கு. தன் நீரழுத்த உணரிகளின் தரவிலிருந்து வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துத் திருத்துவதே அவளுடைய அன்றாட வேலை. அதே திருத்தத்தைக் கேட்டு நிற்கும் இன்னோர் அழுத்தமானி மூன்று ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்தும், அது தன் பாடத்தைச் சேர்ந்தது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. உஸ்தாத்ஜிக்கு இந்தச் சமன்பாடு தெரியாது. ஆனால் நேற்றைய எண்ணை நம்பி இன்று ஓட்டக்கூடாது என்பது தெரியும். ஒவ்வொரு காலையும் அளப்பதற்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

கற்பாதைக்கு முன் அவர் நான்கு டயர்களிலும் நான்கைந்து அலகு காற்றை இறக்கினார். மணலிலோ ஆழ்பனியிலோ என்றால் இன்னும் அதிகம் இறக்கலாம். டயர் நீளவாக்கில் பரந்து படிந்து, புதையாமல் மிதக்கும். கூர்ங்கற்கள் நிறைந்த இடத்தில் அப்படி இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கிக் கல்லின் வாயில் மாட்டும். வளையத்துக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கும். அடிப்பகுதியில் ஆணி குத்தினால் ரப்பர்க் குச்சியைச் செருகிப் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்ட வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் பகுதி அது. தார்ச்சாலை வந்ததும் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றிய பிறகே வேகம் எடுக்க வேண்டும். அதற்காகவே பேட்டரியில் இயங்கும் சிறு காற்றடிப்பான் ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார்.

*

ஐந்தாம் நாள் பிற்பகல் வேலை முடிந்தது. உணரிகள் பதிந்தன, பழைய தரவு கணினியில் இறங்கியது. மறுநாள் மறுநாளே டெல்லியில் அவளுடைய ஆய்வு முன்னேற்றத்தை மதிப்பிடும் குழுவின் கூட்டம். அன்றிரவே மணாலியை அடைந்துவிட்டால் பேருந்து கிடைக்கும். பாத்தலிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஒரு பெரிய நாலாவின் கரையை எட்டியபோது மணி நான்கு. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் நீர் இப்போது கலங்கிப் பழுப்பாகி, அடியில் கற்களை உருட்டும் ஓசையோடு பாய்ந்தது.

உஸ்தாத்ஜி இறங்கிப் பத்து நிமிடம் நின்று பார்த்தார். கரையோரத்தில் ஒரு கல்லைக் குறித்துவைத்து, அது மூழ்குகிறதா என்று கவனித்தார். மூழ்கியது. திரும்பி வந்து, "நாளைக் காலை," என்றார்.

அவள் வாதிட்டாள். இது நான்கு சக்கர வண்டிதானே, சிறிய கார்களே இதைக் கடக்கின்றனவே, எல்லாப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். கடைசியில், சற்றுக் குரலை உயர்த்தி, வண்டி யாருடைய திட்டத்துக்கு ஓடுகிறது என்பதையும் நினைவூட்டினாள். அதை நினைக்கும்போது இன்றும் அவளுக்குக் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. "மேடம், நீங்கள் போன வருடம் மடிக்கணினியில் ஒரு கோடு காட்டினீர்கள். விடியலில் தாழ்ந்து, மாலையில் ஏறி, மறுபடி தாழ்கிற கோடு. இந்தத் தண்ணீரின் கோடு என்றீர்கள். இப்போது அந்தக் கோட்டில் நாம் எங்கே நிற்கிறோம்?"

அவளால் பேச முடியவில்லை. சூரியன் உச்சியில் பனியை உருக்குகிறது. உருகிய நீர் பனியாற்றின் உள்வழிகளில் ஊர்ந்து, சில மணி நேரம் கழித்து ஓடைக்கு வருகிறது. ஆகவே பெருக்கு உச்சம் கொள்வது பிற்பகலின் பிற்பகுதியிலிருந்து மாலைக்குள். அந்தத் தாமதத்தை அளப்பதுதான் அவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயல். நீர் இன்னும் ஏறும் என்பது அந்தக் கரையில் நின்றவர்களுள் வேறு எவரையும்விட அவளுக்கே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அறிந்ததை அவள் தரவுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்புவதற்குள் ஒரு சுற்றுலா வண்டி வந்து, நிறுத்தாமல் நீரில் இறங்கியது. மூன்று வண்டி நீளம் போவதற்குள் முன் சக்கரம் ஒரு பாறையின் பின்னே விழுந்து நின்றுவிட்டது. ஓட்டியவர் பதற்றத்தில் எஞ்சினை முடுக்க, சக்கரம் சுழன்று இன்னும் ஆழமாகக் குழி பறித்தது. உஸ்தாத்ஜி சைகையால் அவரை நிறுத்தச் சொன்னார். பின்பக்கம் கரைக்கு அருகிலேயே இருந்தது நல்லூழ். கயிற்றை இரு வண்டிகளின் சட்டத்தோடு பிணைந்த கொக்கிகளில் மாட்டி, அதன் நடுவே கனத்த கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டார். அறுந்தால் கயிறு சாட்டையாக விசிறும். கம்பளியின் பாரம் அதைக் கீழே இழுத்துப் போடும். எல்லோரையும் கயிற்றின் நீளத்துக்கும் அதிகமாக விலகி நிற்கச் சொன்ன பிறகே, லோ ரேஞ்சில் பின்னோக்கி, வெட்டி இழுக்காமல், மெதுவாக இழுத்தார். வண்டி கரையேறியது. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தனர். அவர்களைப் பார்த்த பின் அவள் பேருந்தைப் பற்றிப் பேசவில்லை.

*

மறுநாள் ஆறரை மணிக்கு மறுபடி அதே கரை. நீர் வடிந்து தெளிந்திருந்தது. கற்களின் விளிம்பு தெரிந்தது. மாணவர்கள் ஏறி அமர்ந்துவிட்டனர். உஸ்தாத்ஜி மட்டும் அக்கரையைக் கைகாட்டினார். முந்திய மாலை தெறித்த நீர், ஏற்றமும் இறக்கமுமான அந்தப் பாதைமீது கண்ணாடித் தகடாக உறைந்து கிடந்தது.

"நான்கு சக்கரமும் இழுக்கும் என்பது போவதற்குத்தான். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக். பனித்தகட்டில் நம் வண்டியும் அந்தச் சின்ன காரும் ஒன்றே."

மாலையில் நீர், விடியலில் உறைபனி. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதற்காகக் காத்திருந்தார்கள். எட்டு மணிக்கு வெயில் மலைவிளிம்பைத் தாண்டி அக்கரையில் விழுந்தது. தகடு வியர்த்துக் கரைந்தது. லோ ரேஞ்சில் இரண்டாம் கியரைப் போட்டு, நீருக்குள் கியர் மாற்றாமல், கிளட்சை மிதிக்காமல், நடக்கும் வேகத்தில் கடந்தார். அக்கரையில் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஈரத்தைக் காயவைத்தார். இறக்கத்தில் பிரேக்கின்மீது காலை வைத்துத் தேய்க்காமல், கீழ் கியரில் எஞ்சினையே வண்டியைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

சத்ருவுக்குச் சற்று முன்பு, ஒரு புதிய சரிவின் அருகே, பின் இடது டயர் கிழிந்தது. யாருடைய பிழையும் அன்று. எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது, கத்தி போன்ற ஒரு கல் பக்கச்சுவரில் கைவிரல் நீளத்துக்குக் கீறிவிட்டது. புது டயர்தான், ஆனால் பக்கச்சுவர்.

உஸ்தாத்ஜி சமதளமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். மற்ற சக்கரங்களுக்கு இருபுறமும் கல் அண்டை கொடுத்தார். சரளையில் ஜாக்கி புதைந்துவிடாதபடி அடியில் பலகை வைத்தார். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை நெகிழ்த்தி, பிறகே தூக்கினார். புதிதாக மாட்டியதை வரிசையாக அன்றி எதிரெதிர் நட்டுகளாக முடுக்கினார். இருபது நிமிடத்தில் 1413 தரைக்கு வந்தது.

கிராம்பூவுக்கு முன் இரண்டு இடங்களில் பாதை ஒற்றை வண்டி அகலத்துக்குக் குறுகி, வலப்பக்கம் சந்திரா ஆற்றுக்கு நேர் கீழே இறங்குகிறது. முதல் இடத்தில் அவர் நிறுத்தினார்.

"எல்லோரும் இறங்கி நடந்து வாருங்கள். பெட்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

"பெட்டிகள் வண்டியிலேயே இருக்கட்டும். நாங்கள் மட்டும் இறங்குகிறோம்," என்றாள் அவள்.

"பாரம் குறைந்தால் டயருக்கு நல்லது, பேட்டா," என்றார். அதுவரை 'மேடம்' என்றே அழைத்தவர். "போ. மலைப்பக்கமாக நட. கல் விழுகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே நட."

ஆறு பேர் கருவிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார்கள். ஏறக்குறைய முந்நூறு மீட்டர். அந்தத் தூரத்தைக் கடந்து திரும்பி நின்று பார்த்தபோது, வண்டி ஆமையாய் ஊர்ந்து வந்தது. கண்ணாடி இறக்கப்பட்டிருந்தது. இருக்கைப் பட்டையை அவர் கழற்றியிருந்தார். எப்போதும் முதலில் மற்றவர்களைப் பட்டை போடச்சொல்பவர் அவர். வண்டி சரிந்தால் குதிக்க வேண்டுமே என்று அந்த முந்நூறு மீட்டருக்கு மட்டும் கழற்றியிருந்தார். கதவு முழுதாகச் சாத்தப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அவளுடைய கைகளில் இருந்தது நீர் மாதிரிகளின் பெட்டி. ஜூலையில் அவள் பகுப்பாய்வுக்கு அனுப்பியவை இதே போன்ற சிறு புட்டிகளே. பின் இடது சக்கரம் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது இடத்திலும் அப்படியே நடந்தார்கள், அப்படியே பார்த்தாள். டயர் தாங்கியது.

தார்ச்சாலை வந்ததும் அவர் நான்கு சக்கர இயக்கத்தை விலக்கி, மற்ற டயர்களுக்குக் காற்று ஏற்றி, மணாலிவரை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டினார். ஏன் அவ்வளவு மெதுவாக என்று யாரும் கேட்கவில்லை. பின்னாளில் அவள் கணக்குப் போட்டாள். புது டயரைவிடப் பட்டன் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்த பழைய டயரின் சுற்றளவு நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியிருக்கும். அந்த அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டரில் தன் இணையைவிட ஏழு சுற்று கூடுதலாகச் சுற்றும். பின் அச்சின் டிஃபரன்ஷியல் வழி நெடுக அந்த ஏழு சுற்றைச் சரிக்கட்டிக்கொண்டே வர வேண்டும். அச்சுகள் பிணைந்திருந்தால் அதில் ஒரு பங்கு முறுக்காகவும் ஏறும். நான்கு சக்கர வண்டிக்கு ஐந்து டயரும் ஒரே அளவில், ஒரே வகையில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும், ஸ்டெப்னியையும் சேர்த்து முறைவைத்து இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும் என்பதும் இதனால்தான். உஸ்தாத்ஜி ஐந்து டயர் கேட்டு எழுதியதற்கு இந்தக் காரணமும் உண்டு. அவருடைய விண்ணப்பத்தில் காரணம் எழுதும் கட்டத்தில் 'தேவை' என்ற ஒரே சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லின் விரிவை அவரிடம் கேட்க அவளுக்கு ஜூலையில் நேரமில்லை.

*

டெல்லிக் கூட்டத்துக்கு அவள் போய்ச்சேர முடியவில்லை. கூட்டம் ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வாரத்தை முன்னிட்டே அவள் பெருக்கெடுத்த நாலாவில் ஏழு பேரை இறக்கப் பார்த்தாள் என்பது அந்த அறையில் இருந்த எவருக்கும் தெரியாது.

களஆய்வு செய்யும் துறைகளில் தரவின் நம்பகத்தன்மை பற்றி நிறையப் பேசப்படுகிறது. உணரியின் துல்லியம் எத்தனை தசமத்துக்கு, அளவுத்திருத்தம் எந்நாளில் என்பவை கட்டுரையில் இடம்பெறாவிட்டால் மதிப்பீட்டாளர் கேட்பார். அந்த உணரியை அங்கே கொண்டுசேர்த்த வண்டியின் டயர் எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. வண்டியைக் கண்காணிக்கும் அறிவு நாட்கூலிக்காரரிடம் இருக்கிறது. வண்டிக்குச் செலவிடும் அதிகாரம் ஆய்வாளரிடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு விண்ணப்பத்தாள் போகிறது. அதில் 'தேவை' என்று எழுதியிருப்பதை நம்பலாமா, ஒத்திப்போடலாமா என்று முடிவுசெய்பவர் அந்த வண்டியின் அடியில் ஒரு முறைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டின் திட்ட முன்மொழிவில் அவள் வாகனப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு கேட்டாள். முதல்முறை அது வெட்டப்பட்டது. இரண்டாம் முறை, கருவிப் பட்டியலிலேயே டயரையும் சேர்த்து, ஏன் ஐந்து வேண்டும் என்பதை அந்த ஏழு சுற்றுக் கணக்கோடு ஒரு பத்தி எழுதினாள். ஏற்கப்பட்டது. ஆய்வுக் குழுவுக்கென அரைப்பக்க ஒழுங்கு ஒன்றும் உருவாயிற்று. ஒவ்வொரு காலையும் புறப்படுமுன் ஐந்து டயரின் அழுத்தமும் குறிக்கப்பட வேண்டும். பயணத்துக்கு முன் ஸ்டெப்னியை உண்மையாகவே கீழிறக்கிப் பார்க்க வேண்டும். சங்கிலி துருப்பிடித்து இறங்காமல் போவதும் உண்டு. பட்டன்களுக்கு இடையே உள்ள 1.6 மில்லிமீட்டர் அடையாள மேட்டை ரப்பர் தொடும்வரை மலைப்பயணத்தில் காத்திருக்கக் கூடாது. அது சாலைக்கான கடைசி எல்லையே தவிர, பனிக்கும் சேற்றுக்கும் உரிய அளவன்று. பிற்பகலில் நாலாவைக் கடப்பதில்லை. நீரை, பனியை, சரிவைக் கடப்பது பற்றி ஓட்டுநர் 'வேண்டாம்' என்றால் அதுவே முடிவு. அங்கே திட்டத் தலைவருக்கும் வாக்கு இல்லை. இந்தக் கடைசி விதியை எழுதும்போதுதான் அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

2024இல் அவளுடைய முதல் கட்டுரை வெளிவந்தது. நன்றியுரையில் நிதி வழங்கியவர்களுக்கும் ஆய்வகத்துக்கும் முன்பாக உஸ்தாத்ஜியின் முழுப்பெயர் இருந்தது. அந்தக் கோடையில் அச்சுப் பிரதியை மணாலிக்கு எடுத்துச் சென்று, அவருடைய பெயர் இருந்த வரியை விரலால் சுட்டிக் காட்டினாள். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தம் பெயரை மெல்லப் படித்தார். தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் புகுந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"பேட்டா, எழுதிக்கொள். ஸ்டெப்னி. பூஜ்யம் ஒன்பது, இருபத்து நான்கு. முப்பத்தைந்து."

அவள் குறிப்பேட்டைத் திறந்து ஐந்தாவது பத்தியில் எழுதிக்கொண்டாள்.